முக்கு வரைக்கும் வந்த கோடு

வாகைவிளாகத்தில் முதல் சதுரத்தை நடந்தவர் பலசரக்குக் கடை தங்கக்கனி அண்ணாச்சிதான். ஒரு புதன்கிழமை சாயங்காலம் யாருக்கோ கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருந்தவர், தராசை அந்தரத்தில் விட்டுவிட்டு, கல்லாவைப் பூட்டாமல், காலில் செருப்புகூடப் போடாமல் கடையைவிட்டு இறங்கி நேராக நடந்தார். நேராக என்றால் நூல் பிடித்தாற்போல நேராக, எதிரே கிடந்த செங்கல் குவியலைச் சுற்றிப் போகாமல் அதன்மேல் ஏறி இறங்கி, குழாயடியில் குடம் வைத்திருந்த பெண்கள் விலக விலக நடந்து, மூலையோ முடுக்கோ எதுவுமே இல்லாத ஓர் இடத்தில் நின்று வலப்பக்கம் திரும்பி, மறுபடியும் நேராக நடந்து, முப்பிடாதியின் வீட்டு முன்வாசல் வழியாக நுழைந்து, அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்த தட்டைத் தாண்டினார். அடுத்த வீட்டுக்குள் சும்மா நுழைவது மரியாதை இல்லை என்பதால் "நல்லா இருக்கியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பின்வாசல் வழியாக வெளியேறினார். இன்னும் இரண்டு முறை திரும்பிக் கடைக்கு வந்து சேர்ந்து, தராசைக் கையில் எடுத்து, "எவ்வளவு கேட்டிய?" என்றார்.

அதே நேரத்தில் பஞ்சாயத்து டி.வி. ரூமில், டி.வி. களவு போய் எத்தனையோ வருஷமாகியும் அந்த அறைக்கு அந்தப் பெயர்தான், முப்பிடாதியின் மகள் தர்ஷிகா தன் முதல் சதுரத்தை வரைந்து முடித்திருந்தாள். கற்றுக்கொடுத்தவள் ஜெபக்கனி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, ஊர் ஊராக வேலைக்கு விண்ணப்பம் போட்டபடி வீட்டில் இருந்தவள், சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, பிளஸ் டூ படிக்கையில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்து, தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்திருந்தாள். வெள்ளைத் திரையில் ஒரு சின்ன அம்பு. 'முன்னே 100' என்று அடித்தால் அது கோடு போட்டுக்கொண்டே முன்னே போகும். 'வலம் 90' என்றால் நின்ற இடத்திலேயே திரும்பும். 'இதையே நாலு தடவை' என்றால் சதுரம். அம்புக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிப் பெட்டி கேட்கும். மற்ற பிள்ளைகள் தங்கள் பெயரை வைப்பதா, நாயின் பெயரை வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்க, தர்ஷிகா மட்டும், நமத்துப் போன பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு மாற்றித் தர மாட்டேன் என்ற அண்ணாச்சியின் பெயரை வைத்தாள்.

ஏன், எதனால் என்று வாகைவிளாகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அடுத்து யார் என்பதுதான் கேள்வியாக இருந்தது. வியாழக்கிழமை அஞ்சல்காரர் ஒரு முக்கோணம் போனார். வெள்ளிக்கிழமை ஒரு பொடியன் 'சுடலைமுத்து' என்று மட்டும் அடித்துவிட, ஊரில் இருந்த மூன்று சுடலைமுத்துகளும், அதில் ஒருவர் பாதி சவரத்தோடு, வெவ்வேறு இடங்களிலிருந்து கிளம்பி ஆளுக்கொரு அறுகோணம் நடந்து முடித்தார்கள். அதற்குப் பிறகு அப்பன் பெயரையும் சேர்த்து அடிக்க வேண்டும் என்று ஜெபா டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஊர் தன்னை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள அதிக காலம் பிடிக்கவில்லை. பகல் நேரத்தில் முன்வாசலையும் பின்வாசலையும் திறந்து வைப்பது வழக்கமாயிற்று. கோடு வீட்டுக்குள் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், கதவை உடைக்க வேண்டாமே என்று. போகிறவருக்கு நடக்க நடக்கவே ஒரு செம்பு தண்ணீர் நீட்டினார்கள், அவரும் நிற்காமலே குடித்துவிட்டு அடுத்த வீட்டில் செம்பைக் கொடுத்துவிட்டுப் போனார், சாயங்காலம் பெண்கள் செம்புகளை மாற்றிக்கொள்ளக் கூடினார்கள். வேலைக்குப் பிந்தி வந்தவர்கள் "வழியில ஒரு ஐங்கோணத்துல மாட்டிக்கிட்டேன்" என்றார்கள், அது உண்மையா புளுகா என்று மேஸ்திரிக்குக் கண்டுபிடிக்க வழியில்லை. சர்க்கரை நோய்க்காரர்கள் ஜெபாவிடம் வந்து, "டாக்டர் நடக்கச் சொல்லுதாரு, எனக்குன்னா ஒடம்பு வணங்க மாட்டேங்கு, பிள்ளையள விட்டு ஒரு பெரிய வட்டமாப் போடச் சொல்லும்மா" என்று கேட்டு வாங்கி நடந்தார்கள். கோட்டில் நடக்கும்போது கால் வலிப்பதில்லை, வலியெல்லாம் கோடு முடிந்த பிறகு மொத்தமாக வந்து சேரும் என்பதை அவர்கள்தான் முதலில் கண்டுபிடித்துத் திட்டினார்கள்.

தெருவுக்குத் தெரு வித்தியாசம் பார்க்கத் தெரியாதது அந்தக் கோட்டுக்கு இருந்த ஒரே குணக்கேடு என்று மேலத்தெருவில் சிலர் முணுமுணுத்தார்கள். மேலத்தெரு எது, கீழத்தெரு எது என்று அதற்குத் தெரியாது. கீழத்தெருவுக்குள் பிறந்ததிலிருந்து கால் வைத்திராத குமாரசாமி ஒரு நாள் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றில் சிக்கி அந்தத் தெருவை இரண்டு தடவை குறுக்கே கடந்தார். சித்திரை வெயில். முதல் தடவை நீட்டிய செம்பைப் பார்க்காதவர் மாதிரிப் போனவர், இரண்டாவது தடவை வாங்கி மடமடவென்று குடித்தார். கால்தான் கோட்டுக்குச் சொந்தம், தொண்டை அவரவருடையது என்று கீழத்தெரு செல்லக்கண்ணு அதைப் பற்றிச் சொன்னார். அதே செல்லக்கண்ணு அடுத்த வாரம் செருப்புக் காலோடு மேலத்தெருவின் நடுவே ஓர் எண்கோணம் போனபோது, கத்துவதற்காக வாயைத் திறந்தவர்கள் விசாரித்துப் பார்த்ததில் பட்டனைத் தட்டியது அவர்கள் வீட்டுப் பிள்ளைதான் என்று தெரிந்து, திறந்த வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டார்கள்.

ஒரே ஒரு தகராறு மட்டும் வந்தது. ஒரு பிள்ளை படத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட, படத்தில் இருந்த கொத்தனார் ஊருணியின் நடுவே இடுப்பளவுத் தண்ணீரில் கோடு தீர்ந்துபோய் நின்றுவிட்டார். ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஜெபா எழுந்து, திரும்புகிற கோணம் எல்லாம் சேர்ந்து முந்நூற்று அறுபது வந்து, பக்கமும் சரியாக இருந்தால் அம்பு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும், இனிமேல் அப்படி வருகிற படத்தை மட்டும்தான் பிள்ளைகள் போடுவார்கள் என்று உறுதி சொன்னாள். டி.வி. ரூம் சுவரில் நீல பெயின்டால் பெரிதாக எழுதினார்கள்: 'எடுத்த இடத்தில் விடு.' அதற்குப் பிறகு யாருக்கும் கவலையில்லை. எங்கே சுற்றினாலும் பிடுங்கிய இடத்தில் நடப்படுவோம் என்று தெரிந்துவிட்டால் மனிதன் எதையும் பழகிக்கொள்வான்.

முப்பிடாதி இதிலெல்லாம் பட்டும் படாமலும் இருந்தாள். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாசலுக்கு நேரே உட்கார்ந்து, இலையை நறுக்கித் தூளை வைத்துச் சுருட்டி நுனியை மடித்துக்கொண்டே, தன் வீட்டின் ஊடே போகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசி அனுப்புவாள். அவளுடைய வீட்டுக்காரர் உச்சிமாகாளி புளியங்குடியில் புரோட்டா மாஸ்டர். அவர் இந்த வாசலைத் தாண்டிப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சண்டை என்று சொன்னால் சிரிப்பார்கள். அவள் தம்பி கல்யாணத்தில் மூத்த மாப்பிள்ளைக்கு விழ வேண்டிய முதல் மாலை, அவசரத்தில், யாரோ ஒரு தாலுகா ஆபீஸ்காரர் கழுத்தில் விழுந்துவிட்டது. மாகாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்தைவிட்டு இறங்கினார். இறங்கும்போது திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். "பந்தி முடியட்டும், வாரேன்" என்றாள் முப்பிடாதி. அந்த மூன்று வார்த்தைக்காகத்தான் அவர் போனார். மாலைக்காகப் போனார் என்றுதான் ஊர் இன்றும் நினைக்கிறது, அவளுக்குத் தெரியும். பந்தி முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது கொடியில் அவருடைய இரண்டு சட்டையும் இல்லை. போய்க் கூப்பிட அவளுக்கு வீம்பு, வர அவருக்கு வீம்பு. நடுவில் தர்ஷிகா அஞ்சாங்கிளாஸ் முடித்து ஆறாங்கிளாஸுக்குப் போய்விட்டாள்.

ஒரு சனிக்கிழமை பின்மதியம் முப்பிடாதியின் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஏட்டி, நான் என்ன ஆட்டுக்குட்டியா?" என்றது போன்.

அவள் கையில் சுருட்டியிருந்த இலை அவிழ்ந்தது. இரண்டு வருஷமாகக் கேட்காத குரல்.

"காலையில மாவு பெசைஞ்சிக்கிட்டு நின்னேன். கை மாவோட எறங்கி நடக்கேன், நடக்கேன், கடைக்காரரு பின்னாலயே கத்திக்கிட்டு வாராரு, நின்னாத்தான? இப்போ எங்கியோ காத்தாடிக் காட்டுக்கு நடுவுல கொண்டாந்து நிறுத்தியிருக்கு. மனுசன் இல்ல, ரோடு இல்ல. வாச்மேன் போனுல பேசுதேன். உங்க ஊரு கூத்தெல்லாம் நானும் கேள்விப்பட்டிருக்கேன். ஏன் என்னை இப்பிடி இழுத்து விடுத?"

"நான் இழுக்கலை" என்றாள் முப்பிடாதி. அவள் நினைத்ததைவிடச் சத்தம் சின்னதாக வந்தது.

"அப்போ யாரு?"

அவளுக்குச் சொல்லாமலே புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். காற்றாலைகள் சுற்றுகிற சத்தத்துக்கு நடுவே அவர், "கால் ரெண்டும் கழண்டு போச்சு" என்றார், கோபம் பாதி குறைந்து. "எடுத்த எடத்துல கொண்டுபோய் விடச் சொல்லு. உங்க ஊருச் சட்டம் அதானாமே."

"நீங்க சாப்பிட்டியளா?" என்று கேட்டாள் அவள்.

"வாச்மேன் கஞ்சி தாரேன்னிருக்கான்" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

டி.வி. ரூமில் தர்ஷிகா மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஜெபா அவளை வெளியே இழுக்கப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தாள். பிள்ளை எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தது. போன் மேப்பில் புளியங்குடியைப் பார்த்து, அங்கிருந்து நேராக ஒரு கோடு, விலக்கு ரோட்டில் ஒரு மூலை, அதிலிருந்து அதே நீளத்தில் வீட்டு வாசலுக்கு இன்னொரு கோடு என்று பென்சிலால் போட்டு, மூலைக்குள் கோணமானி வைத்து அளந்து அறுபது என்று கண்டுபிடித்து, அப்பா பெயரைத் தாத்தா பெயரோடு சேர்த்து அடித்து, 'வலம் 60' என்று கொடுத்திருந்தது.

"மூலையோட கோணம் வேற, திரும்புற கோணம் வேறன்னு எத்தனை நாள் சொல்லியிருக்கேன்" என்றாள் ஜெபா, பாதிக் கோபமும் பாதிப் பரிதாபமுமாக. "போயிக்கிட்டிருக்க ஆளு இன்னும் நேரப் பார்த்துக்கிட்டுல்லா நிக்காரு. அவரு நூத்தி இருபது திரும்பணும். அறுபது மட்டும் திரும்பினா வீட்டுக்கு எப்பிடி வருவாரு, காத்தாடிக் காட்டுக்குத்தான் போவாரு." பிறகு முப்பிடாதியைப் பார்த்து, "யக்கா, தப்பு என்னோடது. பிள்ளைய தனியா விட்டுட்டுக் காபி குடிக்கப் போயிட்டேன்" என்றாள்.

முப்பிடாதி குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். "ஏளா, வெளிய வா."

"நீ அடிப்ப."

"அடிக்க மாட்டேன்."

"அப்பா ஏசினாவளா?"

"கஞ்சி குடிக்காவ. வெளிய வா."

அதற்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவி, டி.வி. ரூம் ஜன்னலில் தலைகள் முளைத்துவிட்டன. ஆளுக்கொரு யோசனை வைத்திருந்தார்கள். நல்ல வேளையாகத் தப்பு நடந்தது, இனி ஒரே கோடு, நேராக அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம் என்று முதலில் சொன்னவர் தங்கக்கனி அண்ணாச்சி.

"கணக்கு நான் பார்த்துட்டேன்" என்றாள் ஜெபா. "அவரு இப்போ நிக்கிற எடத்துலருந்து வலம் நூத்தி இருபது திருப்பி, அதே நீளம் நடக்க விட்டா, நேரா யக்கா வீட்டு வாசல்தான். சமபக்க முக்கோணம். ஆனா..." என்று சுவரைப் பார்த்தாள். சுவரில் நீல எழுத்து இருந்தது. சட்டப்படி என்றால் அவரைப் புளியங்குடியில், மாவுச் சட்டி முன்னால் கொண்டுபோய் விட வேண்டும்.

"சட்டம் கெடக்கட்டும் டீச்சர்" என்றார் அண்ணாச்சி. "குடும்பம் ஒண்ணு சேருத விசயம். வாசல்ல நிறுத்து. வாசல்ல வந்து நின்னவன் வீட்டுக்குள்ள போகாம என்ன செய்வான்?"

ஜன்னலில் இருந்த தலைகள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்றன. தர்ஷிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். முப்பிடாதிக்கு ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு வருஷமாக அவள் விரும்பியது வேறொன்றுமில்லை, அந்த மனுஷர் அந்த வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அது இப்போது இரண்டு வரியில் முடிகிற வேலையாக மேசைமேல் இருந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். "கோட்டுல மாட்டி வாரவிய எனக்கு வேண்டாம். நாளைப்பின்ன ஒரு பேச்சு வந்தா, நானாவா வந்தேன், உன் மவ இழுத்துக்கிட்டுல்லா வந்தான்னு ஒரு வார்த்தை சொன்னா, அப்புறம் நான் எங்க போயி நிப்பேன்?"

"அப்போ புளியங்குடிக்கே அனுப்பிரலாமாக்கா?" என்றாள் ஜெபா மெதுவாக. தர்ஷிகா மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

முப்பிடாதி திரையைப் பார்த்தாள். அதில் அம்பு, தப்பான இடத்தில், தப்பான பக்கம் பார்த்தபடி நின்றிருந்தது.

"கோடு முடிஞ்சா கால் யாரோடது?" என்று கேட்டாள்.

"அவரோடதுதான்."

"அப்போ முக்கு வரைக்கும் கொண்டா. வேப்பமரத்து முக்கு. அங்க நிறுத்திரு. புளியங்குடி பஸ்ஸும் அங்கதான் நிக்கும், நம்ம தெருவும் அங்கதான் தொடங்குது. எங்க போகணும்னு அவிய கால் முடிவு பண்ணட்டும்."

முக்குக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஐந்து வீடு, ஒரு குழாய், ஒரு சாக்கடைப் பாலம். அந்தத் தூரத்தைச் சும்மா விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அண்ணாச்சிக்குத்தான் முதலில் உறைத்தது. "பஸ்ஸுல ஏறிட்டான்னா?" என்றார்.

"ஏறட்டும்" என்றாள் முப்பிடாதி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாகைவிளாகத்தில் அன்று எல்லோருக்கும் முக்கில் ஏதோ ஒரு வேலை இருந்தது. கடைக்காரர்கள் கடைப் பலகையைத் துடைத்தார்கள், குமாரசாமி வேப்பமரத்தடியில் பேப்பர் படித்தார், செல்லக்கண்ணு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே பேப்பரின் மறுபக்கத்தைப் படித்தார், குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் குடங்கள் வரிசை கட்டின. டி.வி. ரூமில் ஜெபாவும் தர்ஷிகாவும் மட்டும். புறப்படுமுன் முப்பிடாதி மகளின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "இன்னொரு வரி போட்டுரலாம்னு உனக்குத் தோணும். எனக்கே தோணும். தட்டாத, என்னா?" என்றாள். தர்ஷிகாவின் கண் லேப்டாப்பிலேயே இருந்தது. அந்தப் பார்வையை எண்ணிக்கொண்டேதான் முப்பிடாதி வீட்டுக்கு வந்து, வாசலில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் முக்கு தெரியும்.

மத்தியானம் அவர் வந்தார். கம்மாய்க் கரை மேலிருந்து இறங்கி, வைக்கோல் போர் ஒன்றின் ஊடே புகுந்து வெளியே வந்து, அண்ணாச்சி கடையின் பின்பக்கமாக ஏறி முன்பக்கமாக இறங்கி, நூல் பிடித்தாற்போல வந்தார். கைகளில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. இடுப்பில் கைலி, முதல் நாள் பனியன், தலையில் வைக்கோல். வேப்பமரத்தடிக்கு வந்ததும் கோடு முடிந்தது. அது முடிந்ததை எல்லோரும் பார்த்தார்கள், ஏனென்றால் அவர் தள்ளாடி, மரத்தைப் பிடித்துக்கொண்டு, "எம்மா" என்று முனகினார். வலி முழுக்க அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து பஸ்ஸும் வந்தது. அன்றைக்கென்று அதற்குத் தாமதமே இல்லை. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி "புளியங்குடி, புளியங்குடி" என்றார். மாகாளி பஸ்ஸைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். தெருவின் உள்ளே வாசலில் ஒருத்தி குனிந்த தலை நிமிராமல் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்; அவள் விரலில் இலை இல்லை, வெறும் காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள் என்பது அவ்வளவு தூரத்தில் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மாகாளி பஸ் படியில் ஒரு காலை வைத்தார்.

முப்பிடாதி பார்த்துவிட்டாள். நிமிரக் கூடாது என்று இருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். பஸ் உறுமியது, நகர்ந்தது, முக்கையே மறைக்கிற அளவுக்குப் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. போனால் போகட்டும் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், ஆனால் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட அவள் நம்பவில்லை. பந்தியை விட்டு எழுந்து அன்றைக்கே இவர் பின்னால் போயிருக்க வேண்டும் என்று இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டே சொன்னாள்.

புழுதி அடங்கியபோது அவர் மரத்தடியில்தான் நின்றார்.

நின்றவர் தெருவுக்குள் நடக்க ஆரம்பித்தார். நேராக. ஓரடி, ஈரடி, மூன்றாவது அடியும் நேராக வைத்தபோது முப்பிடாதி மடியிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். பிள்ளை தட்டிவிட்டாள். அவ்வளவுதான், முடிந்தது, வந்து நிற்கப் போகிறார், வாசலில் நிறுத்தப்பட்டு நிற்கப் போகிறார், தான் சாகிறவரைக்கும் அந்த முகத்தில் அதைப் பார்த்துக்கொண்டே சோறு போட வேண்டும்.

அப்போது அவர் இடது பக்கம் ஒதுங்கினார். சாக்கடைப் பாலத்தருகே ஒரு சேற்றுக் குட்டையைக் கண்டு, கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு, அதைச் சுற்றி ஒரு வளைவு வளைந்தார். குழாயடிக்குப் போய்க் கையை நீட்டி, தண்ணீர் வரவில்லை என்றதும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, அங்கே நின்ற பெண்ணின் குடத்திலிருந்து தண்ணீர் வாங்கி மாவைக் கழுவினார். ஏதோ மறந்தவர் மாதிரி நாலடி திரும்பிப் போனார். மறுபடி வந்தார். நடுவில் நின்று தலை வைக்கோலைத் தட்டினார். நொண்டி நொண்டி, வலப்பக்கம் ஒரு சுவரைப் பிடித்து, இடப்பக்கம் ஒரு சைக்கிளைப் பிடித்து, தெருவை இந்தக் கரையும் அந்தக் கரையுமாகக் கோணிக்கொண்டு வந்தார். மாதக்கணக்காக நேர்கோட்டு மனிதர்களையே பார்த்துச் சலித்திருந்த வாகைவிளாகம் வேலை இருப்பதாக நடித்ததையெல்லாம் விட்டுவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு, அந்தக் கோணல் நடையை வேடிக்கை பார்த்தது. குமாரசாமி பேப்பரை மடித்துச் செல்லக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

மாகாளி வாசலுக்கு வந்து நின்றார். முப்பிடாதிக்கு அழுகை வந்துவிட்டது, அதை அடக்க அவள் பார்க்கவில்லை.

"நேரா வந்தா என்னவாம்?" என்றாள் அழுகையினூடே.

"வலிக்குதுல்லா" என்றார் அவர். பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு, "பந்தி முடிஞ்சிட்டா?" என்று கேட்டார்.

"முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு. வாங்க."

டி.வி. ரூம் பக்கமிருந்து தர்ஷிகா ஓடி வந்தாள். மூச்சு வாங்க, முகமெல்லாம் கண்ணீராக, இரண்டு கைகளையும் விரித்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டே வந்தாள். அப்பாவிடம் போகவில்லை. நேராக அம்மாவிடம் வந்து, அவள் முகத்துக்கு எதிரே அந்த வெறும் கைகளை நீட்டினாள்.

"நான் தட்டலைம்மா. சத்தியமா நான் ஒண்ணுமே தட்டலை."

"தெரியும்ளா" என்று முப்பிடாதி அந்தக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். "நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."